நீண்ட சிக்கனப் பயணம் முடிந்து ஊர் திரும்புதல்: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய ஐந்து நாடுகளில் ஏழு மாதங்கள் பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்து, பலர் சேர்ந்து தங்கும் மலிவான விடுதிகளில் படுத்தெழுந்து, காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு நான் திரும்பியபோது கையில் நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே விசா, வழித்தடம், நாளொன்றுக்கான செலவு என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆனால் திரும்பி வருவதைப் பற்றி அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. விமானம் தரையிறங்கினால் பயணம் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். உண்மையில், அதன் பிறகு ஏறக்குறைய ஆறு மாதங்களுக்குத் திரும்பி வருவது என்ற வேலை நீண்டது.

ஊர் திரும்புவதும் பயணத்தின் ஒரு கட்டமே. அதற்கென்று தனிப் பணமும், தனி நாட்களும், உடலுக்குத் தனிக் கவனிப்பும் வேண்டும். வேலைக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்புகிறவர்களுக்கு உள்ள வசதி, சேமிப்பைச் செலவழித்துத் திரும்பும் நமக்கு இல்லை. ஆகவே, இன்னும் வெளிநாட்டில் இருக்கும்போதே, திரும்பும் நாளுக்கு இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டிய வேலைகளிலிருந்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: திரும்பும் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் முழுவதையும் கணக்குக்கு ஒதுக்குங்கள். விமானக் கட்டணம், பைக்கான கட்டணம், விமான நிலையத்திலிருந்து வீடு வரையிலான செலவு ஆகிய மூன்றையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். விட்டுப்போவது மற்றவைதான். வேலை கிடைத்து முதல் சம்பளம் வரும்வரை ஆகும் குறைந்தது மூன்று மாதச் செலவு, ஓடாமல் நின்ற வண்டியைச் சரிசெய்யும் செலவு, காலாவதியான காப்பீடு, மருத்துவப் பரிசோதனை, ஊரில் நீங்கள் இல்லாதபோது நடந்த கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் செய்ய வேண்டிய மொய் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். என் கணக்கில் மொய் மட்டுமே விமானச் சீட்டின் விலையைத் தாண்டியது.

இந்தத் தொகையை அன்றாடம் பயன்படுத்தும் கணக்கில் வைக்காதீர்கள். வேறொரு வங்கிக் கணக்கிலோ, குறுகிய கால வைப்பிலோ போட்டுவிட்டு, மீதமுள்ளதே பயணத்துக்கான பணம் என்று முடிவு செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது பயணம் இரண்டு வாரம் குறைந்தாலும் குறையட்டும். கடைசி இரண்டு வாரத்தில் பார்க்கும் ஒரு தீவு, ஊருக்கு வந்து முதல் மாதத்திலேயே கடன் கேட்டு நிற்கும் நிலைக்கு ஈடாகாது.

இதே நேரத்தில் உங்கள் இந்தியக் கைபேசி எண்ணையும் கவனியுங்கள். 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் முடக்கலாம். அதன் பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். வங்கி, ஆதார், வருங்கால வைப்பு நிதி, எரிவாயு இணைப்பு எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், எண்ணை இழந்தவர் ஊருக்கு வந்த முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க நேரும். வெளிநாட்டிலிருந்தே ரீசார்ஜ் செய்துவிடுங்கள், அல்லது வீட்டில் உள்ளவர்களைச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: எந்த விமான நிலையம், எந்த நேரம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு மிக அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் பெங்களூரு தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையம்தான். அங்கிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 125 கி.மீ., தர்மபுரி அதைவிட 45 கி.மீ. கூடுதல். சென்னையில் இறங்கினால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு 250 கி.மீ.க்கு மேல் வர வேண்டும். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருபவர்களுக்குத் திருச்சிக்கு மலிவான சீட்டு கிடைப்பதுண்டு. தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல், சேலம், தொப்பூர் கணவாய் வழியாக அங்கிருந்து ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவுதான் என்பதால், அதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விமானச் சீட்டின் விலையை மட்டும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்காமல், தரையிறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நள்ளிரவில் இறங்கும் விமானம் ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனால் குடியேற்றம், சுங்கம் முடித்து வெளியே வரும்போது இரவு இரண்டு மணி ஆகியிருக்கும்; களைப்பில் வாடகைக் கார் பிடித்தால் மிச்சப்படுத்தியதுபோல் பல மடங்கு போய்விடும். விடியற்காலையிலோ பகலிலோ இறங்கினால் பேருந்திலேயே வீடு சேரலாம்.

கைப்பைக்கு 7 கிலோ என்பதே குறைந்த கட்டண விமானங்களில் பொது வழக்கம். கூடுதல் எடையைச் சீட்டு வாங்கும்போதே சேர்த்துக்கொள்வதற்கும், விமான நிலையத்தில் தராசின் முன் நின்று கட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பொருட்களை அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்று எண்ணுபவர்கள், பரிசுப் பொருளாக அனுப்பினாலும் இந்தியாவில் சுங்கவரி உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவின் கடைசி நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி இருக்கட்டும். தாய்லாந்தில் அனுமதி முடிந்தபின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், உச்சமாக 20,000 பாட் வரை. இந்தோனேசியாவில் அது நாளொன்றுக்குப் பத்து லட்சம் ரூபியா. விமானம் ரத்தானாலும், காய்ச்சலில் படுத்தாலும் அந்த இடைவெளி உங்களைக் காக்கும். பயணக் காப்பீட்டையும் விமானம் ஏறும் நாளோடு நிறுத்தாமல், வீடு சேரும் நாள்வரை நீட்டியிருங்கள். வெளிநாட்டில் மருத்துவம் பார்த்திருந்தால் பில், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் கையிலெடுத்து வாருங்கள். ஊருக்கு வந்தபின் அந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி அவற்றைப் பெறுவது மிகக் கடினம்.

உள்ளூர்ப் பணத்தை அந்த நாட்டிலேயே தீர்த்துவிடுங்கள். லாவோஸின் கிப் நோட்டை நம் ஊரில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்; வியட்நாம் டாங்கும் எளிதில் மாறாது. எல்லையைக் கடப்பதற்கு முன்பே நகரத்துக்குள் உள்ள கடைகளில் டாலராகவோ பாட்டாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். நாணயங்களை எங்கேயும் மாற்ற முடியாது, ஆகவே கடைசி நாள் சாப்பாட்டுக்கு அவற்றைச் செலவழியுங்கள்.

மூன்றாம் படி: எவற்றைக் கொண்டுவரக் கூடாது

இந்தப் பகுதியை நான் நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் இரு மாவட்டங்களும் விவசாய மாவட்டங்கள். பயணம் போகும் நம்மில் பலருடைய வீட்டில் மாந்தோப்போ, மல்பெரித் தோட்டமோ, மரவள்ளிக் காடோ இருக்கிறது. தாய்லாந்துச் சந்தையில் காயாகவே தின்னும் மாங்காயைப் பார்த்ததும், அதில் ஒரு ஒட்டுக்குச்சி எடுத்துவந்து நம் தோட்டத்துப் பெங்களூரா மாமரத்தில் கட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் தீங்கு நினைக்காத ஆசைதான் அது. ஆனாலும் செய்யக் கூடாது.

2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது. அந்த மண்ணில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகள் இங்கே இல்லாததால், பப்பாளியை மட்டுமன்றி மல்பெரியையும் மரவள்ளியையும் அது வெள்ளைப் பஞ்சுபோல் மூடியது. பட்டுக்கூடு வளர்ப்பையே நம்பியிருந்த குடும்பங்கள், புழுவுக்குப் போட இலையில்லாமல் தவித்த காலம் அது. மருந்தடித்தும் ஓயவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு, பெங்களூருவில் பெருக்கப்பட்டு வயல்களில் விடப்பட்ட பிறகுதான் அது அடங்கியது. ஒரு பூச்சி புதிய மண்ணில் கால் ஊன்றினால் அதை அடக்க எத்தனை நாடுகள் கைகொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நமக்கு நெருக்கமான சான்று தேவையில்லை.

விதைப்பதற்கான விதை, நடுவதற்கான கன்று, ஒட்டுக்குச்சி, கிழங்கு, மண் ஒட்டிய வேர் எதையும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணை இடம் தருவதில்லை. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் பையில் போட்டுவருவதும் அதில் அடங்கும். அங்கே வயல்வெளியில் நடந்த காலணியின் அடியில் மண் ஒட்டியிருந்தால், விமானம் ஏறுவதற்கு முன் கழுவிவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்சிகரெட் 2019 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. ட்ரோனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு 2022 முதல் தடை உள்ளது. செயற்கைக்கோள் தொலைபேசியை முன் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். பவளம், தந்தம், வனவிலங்கின் தோல் போன்றவற்றில் செய்த அலங்காரப் பொருட்களைக் கடற்கரைக் கடைகளில் மலிவாக விற்பார்கள், அவற்றையும் வாங்காதீர்கள். தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியதால் அங்கே கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டது. ஆனால் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது கடும் தண்டனைக்குரியது. மிட்டாயாகவோ தைலமாகவோ இருந்தாலும் சட்டம் அதே பார்வையில்தான் பார்க்கும்.

விடுதியில் பழகிய ஒருவர், “பெங்களூருல என் தம்பி வந்து வாங்கிக்குவான், இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டு போயிடுங்க, டிக்கெட் காசு தந்துடறேன்” என்று சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். பணமில்லாமல் ஊர் திரும்பும் இளைஞர்களைத்தான் தங்கம் கடத்துபவர்களும் கஞ்சா கடத்துபவர்களும் தேடுகிறார்கள். பையில் இருப்பது யாருடையது என்று சுங்கத்துறை கேட்காது. யார் பையில் இருக்கிறது என்றே கேட்கும்.

நான்காம் படி: இறங்கிய பின் வீடு வரை

பெங்களூருவில் பன்னாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் இரண்டாம் முனையத்தில் இயங்குகின்றன. ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்கள் தடுப்பூசிச் சான்றிதழைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பின்பே சான்று செல்லும். அது இல்லாதவர்களை 6 நாள்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

சுங்கத்தில் அறிவிக்க ஏதுமில்லாதவர்கள் பச்சை வழியிலும், வரிக்குரிய பொருளோ ஐயத்துக்குரிய பொருளோ உள்ளவர்கள் சிவப்பு வழியிலும் செல்ல வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவர் ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டுவரலாம். வெளிநாட்டு நோட்டுகள் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும் என்பது விதி. சிக்கனப் பயணம் முடித்து வரும் நம் கையில் அவ்வளவு இருக்காது என்றாலும், குழுவின் பணத்தை ஒருவரே வைத்திருக்கும்போது இதைக் கவனியுங்கள்.

வெளியே வந்ததும் வாயு வஜ்ரா பேருந்துகள் நிற்கும். எலக்ட்ரானிக் சிட்டி செல்லும் பேருந்தில் ஏறினால் நகரத்தின் நடுவே இறங்கி மாறும் தொல்லை இல்லாமல் ஓசூர்ச் சாலைக்கே வந்துவிடலாம். அங்கிருந்து ஓசூருக்கும், அதையும் தாண்டிக் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் செல்லும் நம் அரசுப் பேருந்துகளும் கிடைக்கும். பெரிய பையோடு உட்கார்ந்து வர விரும்பினால், இந்தப் பேருந்துகள் புறப்படும் சாந்திநகர் நிலையத்துக்கே போய் ஏறுவது நல்லது. தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகச் செல்லும் சேலம் ரயில்பாதையும் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லாததால் நமக்குப் பேருந்தே வழி. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறும். ஏழு மாதமாகப் படிக்க முடியாத எழுத்துகளையே பார்த்து வந்த கண்ணுக்கு அது என்ன செய்யும் என்பதை நீங்களே அனுபவித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பையை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்

ஆரத்தி எடுத்து உள்ளே அழைப்பார்கள். பை மட்டும் வாசலிலேயே நிற்கட்டும். மலிவு விடுதிகளில் தங்கியவர்களின் பையில் மூட்டைப்பூச்சி வருவது மிகச் சாதாரணம். அது அழுக்கினால் வருவதன்று, ஆகவே வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் ஒருமுறை கட்டில் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் குடியேறிவிட்டால், வீடு முழுவதும் மருந்தடித்தாலும் எளிதில் போகாது.

துணிகள் அனைத்தையும், உடுத்தாதவற்றையும் சேர்த்து, கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். 60 டிகிரி வெப்பத்தில் பூச்சியும் முட்டையும் சாகும். துவைக்க முடியாத பையின் தையல்களையும் ஜிப் ஓரங்களையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சித்திரை வைகாசி வெயிலாக இருந்தால் இரண்டு மூன்று நாள் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். வெயிலை மட்டும் நம்பினால் தடித்த மடிப்புகளுக்குள் சூடு போதாமல் சில தப்பிவிடும். வெந்நீரே உறுதியானது.

ஆறாம் படி: உடம்பு

முதல் வாரம் விருந்து வைப்பார்கள். எண்ணெய் குறைந்த சோறும் சூப்புமாகப் பழகிய வயிறு, ஒரே நாளில் கறிக்குழம்புக்கும் நெய்க்கும் திரும்பாது. எங்கள் அம்மா முதல் மூன்று நாள் எனக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் மோருமாகவே போட்டார். அதுவே சரியாக இருந்தது. தாய்லாந்து, வியட்நாம் நேரத்துக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசமே உள்ளதால் தூக்கம் விரைவில் ஒழுங்காகும். ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்குச் சில நாள் கூடுதலாகும்.

மிக முக்கியமானது காய்ச்சல். மலேரியா உள்ள பகுதிகளுக்குச் சென்றுவந்தவருக்கு, திரும்பி வந்து பல வாரங்கள் கழித்தும், சில வகைகளில் மாதங்கள் கழித்தும் காய்ச்சல் வரலாம். லாவோஸ், கம்போடியா நாடுகளின் காட்டோரக் கிராமங்களில் தங்கியிருந்தால், அடுத்த ஓராண்டில் வரும் எந்தக் காய்ச்சலையும் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டு விடாதீர்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே, எந்த நாட்டில், எந்த மாதத்தில், எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஊர்க்காரர் ஒருவர் காய்ச்சலோடு வந்தால் கம்போடியாவுக்குப் போனீர்களா என்று அவராகக் கேட்க வாய்ப்பில்லை. மலேரியா இரத்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அதற்கு மேல் தேவைப்பட்டால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

மலேரியாத் தடுப்பு மாத்திரை எடுத்து வந்தவர்கள் ஊர் சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. டாக்சிசைக்ளின் எடுப்பவர்கள் மலேரியாப் பகுதியை விட்டு நீங்கிய பின்னும் 4 வாரம் தொடர வேண்டும். அட்டோவாக்குவோன்-ப்ரோகுவானில் எடுப்பவர்கள் 7 நாள் தொடர வேண்டும். அதேபோல, நாயோ குரங்கோ கடித்து அங்கே வெறிநாய்க்கடி ஊசி தொடங்கியிருந்தால், மீதி ஊசிகளை நாள் தவறாமல் இங்குள்ள அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அட்டையை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு எதையும் பயணக் களைப்பு என்று தள்ளிவைக்க வேண்டாம்.

குடிநீரைப் பற்றி ஒரு சொல். அங்கே ஏழு மாதம் புட்டித் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் குடித்தவர், ஊருக்கு வந்ததும் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை யோசிக்காமல் குடிக்கிறார். நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடும், மூட்டு வலியோடும் வாழும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஜப்பான் நிதியுதவியுடன் 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய் நீரைப் பிடித்து வையுங்கள். பயணத்தில் கற்ற கவனத்தை ஊரில் விட்டுவிட வேண்டியதில்லை.

ஏழாம் படி: கணக்கும் காகிதங்களும்

முதல் பத்து நாட்களுக்குள், வெளிநாட்டில் பயன்படுத்திய வங்கி அட்டையின் பன்னாட்டுப் பரிவர்த்தனை வசதியை வங்கிச் செயலியில் அணைத்துவிடுங்கள். பல கடைகளிலும் இயந்திரங்களிலும் தேய்த்த அட்டை என்பதால், முடிந்தால் புதிய அட்டையே வாங்கிக்கொள்வது நல்லது. கடைசி மூன்று மாதக் கணக்கு அறிக்கையை வரிவரியாகப் படித்து, வாடகை வண்டிக்கும் விடுதிக்கும் கட்டிய முன்பணம் திரும்பி வந்துள்ளதா என்று பாருங்கள். நான் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளுக்கான முன்பணம் வராததை ஆறாவது வாரத்தில்தான் கவனித்தேன், அதற்குள் ரசீதும் என்னிடம் இல்லை.

கையில் மீந்த வெளிநாட்டுப் பணத்தில் 2,000 டாலர் மதிப்புவரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிலோ அனுமதி பெற்ற மாற்றகத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

வருமானமே இல்லாத ஆண்டு என்பதால் வருமானவரி விவரம் தாக்கல் செய்ய வேண்டாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தவர், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் விவரம் தாக்கல் செய்தாக வேண்டும். பல மாதம் சுற்றிய எவருக்கும் விமானச் சீட்டும் தங்கும் செலவும் சேர்ந்தால் இந்தத் தொகை எளிதில் தாண்டிவிடும். வெளிநாட்டுப் பணம் வாங்கியபோது வரி பிடித்திருந்தால் அது வருமானவரித் துறையின் வரிக் கணக்கு அறிக்கையில் (படிவம் 26ஏஎஸ்) தெரியும், விவரம் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

இருசக்கர வண்டியை உதைத்துக் கிளப்ப முயல்வதற்கு முன், பழைய பெட்ரோலை இறக்கி, மின்கலத்தைச் சோதித்து, டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பீடும் புகைச் சான்றும் காலாவதியாகியிருந்தால் வண்டியைச் சாலையில் ஏற்றவே வேண்டாம். காப்பீடு முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்தால்தான், இழப்பீடு கோராததற்காகச் சேர்ந்த சலுகை நிலைக்கும்.

எட்டாம் படி: நீங்கள் இல்லாத ஏழு மாதங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட நான் தவறிய இடம் இதுதான். நாம் புதியனவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊரிலும் ஏழு மாதங்கள் கடந்திருக்கின்றன. யார் இறந்தார்கள், யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் கையொடிந்து கிடந்தார்கள் என்பதை ஊருக்கு வரும் முன்பே வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்த மறுநாளே தெருவில் எதிர்ப்படும் பெரியவரிடம் சிரித்துக்கொண்டே, “வீட்ல எல்லாரும் சௌக்கியமாங்க?” என்று கேட்டு, அவர் தன் மனைவி மூன்று மாதம் முன்பு காலமானதைச் சொல்லும்படி ஆக்கிவிட்டேன். அந்தக் கணத்தை என்னால் திருப்பி எடுக்க முடியாது.

முதலில் துக்கம் நடந்த வீடுகளுக்குப் போங்கள். ஊர் வழக்கப்படி கிழமை பார்த்து, முடிந்தால் அம்மாவையோ பெரியம்மாவையோ உடன் அழைத்துக்கொண்டு, பயணக் கதை ஏதும் பேசாமல் உட்கார்ந்து வாருங்கள். அதன் பிறகே சுபகாரியம் நடந்த வீடுகள். நம் வீட்டு மொய் நோட்டை எடுத்து, அந்த வீட்டார் நமக்கு முன்பு எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்குக் குறையாமல் செய்யுங்கள். மொய் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் திருப்பித் தர வேண்டிய கடனுக்குச் சமம்; நீங்கள் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்பது அதை ரத்து செய்யாது.

“எத்தனை சம்பாதிச்சிட்டு வந்த கண்ணு?” என்ற கேள்வி கட்டாயம் வரும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களையே பார்த்த ஊர் இது. சேர்த்த பணத்தைச் செலவழித்து நாடு பார்த்து வருவது அவர்களுக்குப் புதியது, கேள்வியில் குற்றமில்லை. “வேலைக்குப் போகலைங்க, ஊர் சுத்திப் பார்க்கப் போனேன், இருந்த காசு தீர்ந்ததும் வந்துட்டேன்” என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால், கையில் பணமிருக்கிறது என்று நினைத்துக் கடன் கேட்பவர்கள் வருவார்கள். இல்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

பரிசுப் பொருட்களில் பெரிதாக எதையும் வாங்காதீர்கள். பத்துப் பேருக்குக் கொடுத்து ஐந்து பேருக்குக் கொடுக்காமல் விட்டால் அந்த ஐந்து வீட்டு வருத்தமே மிஞ்சும். அளவாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வியட்நாம் காப்பித்தூளோ தேயிலையோ எளிது. அதைவிட, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து நாணயங்களையும் படங்களையும் காட்டிய ஒரு மாலை நேரம் எங்கள் தெருவில் இன்னும் பேசப்படுகிறது.

ஒன்பதாம் படி: வேலையும் மனமும்

இரண்டாவது மாதத்தில் மனம் கனக்கத் தொடங்கும். வந்த புதிதில் இருந்த மகிழ்ச்சி வடிந்து, பார்த்தவற்றைப் பேச யாருமில்லை என்ற தவிப்பும், அடுத்து என்ன என்ற அச்சமும் சேர்ந்து வரும். நீண்ட பயணம் முடித்த பலருக்கும் இது நேர்கிறது. இதற்கு நான் கண்ட வழி, காலையில் செய்வதற்கென்று நிலையான ஒரு வேலை. எனக்கு அது தோப்பாக அமைந்தது. மாங்காய்ப் பருவத்தில் திரும்பியதால், விடிந்ததும் அப்பாவோடு காய் பறிக்கவும், கூழ் ஆலைக்குப் போகும் வண்டியில் ஏற்றவும் போய்விடுவேன். நீங்களும் பருவத்தைப் பார்த்துத் திரும்பும் நாளைக் குறிக்க முடியுமானால் குறியுங்கள். தூக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லத் தயங்க வேண்டாம்.

ஓசூரிலோ பெங்களூருவிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இடைவெளி மாதங்களை மறைக்காதீர்கள். எந்தத் தேதியில் போய் எந்தத் தேதியில் வந்தேன், எவ்வளவு செலவுக்குள் எத்தனை நாள் சமாளித்தேன் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய நிறுவனம் உங்களைப் பணியிலிருந்து விடுவித்த கடிதம் கைவசம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பண நெருக்கடியில் வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடத் தோன்றும். ஐந்தாண்டு தொடர் பணி நிறைவதற்குள் எடுத்தால் அதற்கு வரி உண்டு; புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பழைய ஆண்டுகளும் சேர்ந்து நிற்கும்.

பத்தாம் படி: திரும்பிய கணக்கை எழுதுதல்

ரசீதுகள் வெளுத்துப்போவதற்குள் நோட்டை எடுங்கள். சீட்டு வாங்கிய நாள், கூடுதல் எடைக்குக் கட்டியது, விமான நிலையத்திலிருந்து வீடு வரை ஆனது, வண்டிக்கு ஆனது, மருத்துவத்துக்கு ஆனது, மொய், முதல் மூன்று மாதச் செலவு, வேலை கிடைத்த தேதி ஆகியவற்றைத் தனித் தலைப்பில் எழுதி, படங்களை இரண்டு வேறு இடங்களில் படியெடுத்து, காப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் இருந்தால் அதன் எண்ணையும் கடைசித் தேதியையும் மேலே குறித்துவையுங்கள். சென்ற மாதம் எங்கள் அத்தை மகன் நேபாளம் வழியாக நான்கு மாதம் போய்வரத் திட்டமிட்டு, என் நோட்டைக் கேட்டு வந்தான். வழித்தடப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனான்.